335 என்று அச்சிட்ட எஞ்சின்: ஃபோர்டு 428 கோப்ரா ஜெட்டின் குதிரைத்திறன் கணக்கு

1968 ஏப்ரலில் ஃபோர்டு தன் மஸ்டாங் காருக்கு 428 கோப்ரா ஜெட் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையேட்டில் போட்டிருந்த எண்: நிமிடத்துக்கு 5,200 சுற்றில் 335 குதிரைத்திறன். அதே 428 கன அங்குல எஞ்சின், இதைவிடச் சிறிய வால்வுகளோடு, 1966இலேயே தண்டர்பேர்டு சொகுசுக் காரில் வந்துவிட்டது. அதற்குப் போட்ட எண் 4,600 சுற்றில் 345. காவல்துறை வண்டிகளுக்கான போலீஸ் இன்டர்செப்டர் வடிவத்துக்கு 5,400 சுற்றில் 360. மஸ்டாங்கின் பலம் கூடிய வடிவமான 1968 ஷெல்பி ஜி.டி. 500 காரில் இருந்தது இந்த 360 எஞ்சின்தான். அந்த ஆண்டின் நடுவில் அதன் இடத்தில் கோப்ரா ஜெட்டைப் பொருத்தி, 'சாலையின் அரசன்' என்ற பொருளில் கே.ஆர். என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள். கையேட்டின்படி பார்த்தால் அந்த அரசனுக்கு முந்தைய காரைவிட 25 குதிரைத்திறன் குறைவு.

அந்தக் கார்களை ஓட்டிய யாரும் இதை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் வெறும் உணர்ச்சியா, கணக்கும் அதைத்தான் சொல்கிறதா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. இதற்குப் புதிதாக டைனோ சோதனை (எஞ்சின் திறனைக் கருவியில் அளப்பது) எதுவும் வேண்டியதில்லை. ஃபோர்டு தானே வெளியிட்ட எண்களும், அன்று பந்தயப் பாதையில் பதிவான ஒரு வேகமும் போதும்.

எஞ்சினுக்குள் இருந்தவை

கோப்ரா ஜெட்டின் வேர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிழக்கு பிராவிடன்ஸ் ஊரில் இருக்கிறது. அங்கே ஃபோர்டு விற்பனையகம் நடத்திய பாப் டாஸ்கா, 390 எஞ்சின் மஸ்டாங் போட்டிக் கார்களிடம் தோற்பதைப் பார்த்துச் சலித்துப்போய், ஃபோர்டின் உதிரிபாகப் பட்டியலிலேயே இருந்த சாமான்களை வைத்து ஒரு 428 மஸ்டாங்கைக் கட்டினார். 1967இல் ஹாட் ராட் இதழ் அதைப் பற்றி எழுதியதும் வாசகர் கடிதங்கள் ஃபோர்டு தலைமையகத்தில் குவிந்தன. தொழிற்சாலை வடிவம் ஏறக்குறைய அதே சேர்க்கைதான்.

அடிப்பகுதி சாதாரண 428: போர் (சிலிண்டரின் விட்டம்) 4.13 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.98 அங்குலம். இவற்றிலிருந்து எட்டுச் சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 427 கன அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். 427 என்ற பெயரை வேறோர் எஞ்சின் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. அதன் உண்மைக் கொள்ளளவோ 425தான். கொள்ளளவிலேயே இப்படி எண்ணை வசதிக்கு வளைத்த காலம் அது.

வேறுபாடு மேல்பகுதியில். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு 2.09 அங்குலம், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு 1.66 அங்குலம், சாதாரண 428இல் இவை ஏறத்தாழ 2.03, 1.56. காற்றுப் பாதைகள் 427 எஞ்சினின் லோ ரைசர் வகை ஹெட்டின் வழியில் வந்தவை. இன்டேக் மேனிஃபோல்டு போலீஸ் இன்டர்செப்டரின் அலுமினிய மேனிஃபோல்டை வார்ப்பிரும்பில் வார்த்த வடிவம். அதன்மேல் 735 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 735 கன அடி காற்று) ஹாலி கார்புரேட்டர். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மட்டும் 390 ஜி.டி. எஞ்சினிலிருந்து அப்படியே எடுத்தது: ஹைட்ராலிக் வகை, 270/290 டிகிரி, வால்வு உயர்வு 0.481/0.490 அங்குலம். கம்ப்ரெஷன் விகிதம் 10.6.

இதில் பந்தயக் கேம் இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மிதமான கேம், தாராளமான ஹெட், பெரிய கார்புரேட்டர். இப்படிச் சேர்த்தால் கீழ்ச் சுற்றில் இழுவை கெடாது. மேல்ச் சுற்றில் மூச்சு முட்டுவதும் தள்ளிப்போகும். 335 என்ற எண் இதற்கு நேர் எதிரான கதையைச் சொல்கிறது.

கையேட்டு எண்களே தரும் சாட்சி

குதிரைத்திறனைத் தனியாகப் பார்த்தால் எதுவும் புலப்படாது. எந்தச் சுற்றில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சுற்றில் இருக்கும் டார்க் (சுழற்று விசை) கிடைத்துவிடும். குதிரைத்திறனை 5,252ஆல் பெருக்கிச் சுற்று எண்ணால் வகுத்தால் பவுண்டு-அடியில் டார்க்.

தண்டர்பேர்டு 428: 345 × 5,252 ÷ 4,600 = 394 பவுண்டு-அடி.
போலீஸ் இன்டர்செப்டர்: 360 × 5,252 ÷ 5,400 = 350 பவுண்டு-அடி.
கோப்ரா ஜெட்: 335 × 5,252 ÷ 5,200 = 338 பவுண்டு-அடி.

டார்க் உச்சத்தைத் தாண்டிய பிறகு சுற்று ஏற ஏற டார்க் இறங்கும். சிலிண்டருக்குள் காற்று நிரம்ப நேரம் போதாமல் போவதால் அப்படி. தண்டர்பேர்டிலிருந்து இன்டர்செப்டர் வரை வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோப்ரா ஜெட்டிடம் வந்தால் இடறுகிறது. இன்டர்செப்டர் 5,400 சுற்றில் 350 பவுண்டு-அடி தருகிறது. அதைவிடப் பெரிய வால்வும் பெரிய கார்புரேட்டரும் உள்ள எஞ்சின், 200 சுற்று கீழே நிற்கும்போது, 338தான் தருமாம். பாகத்தை மேம்படுத்தி, சுற்றையும் குறைத்துவிட்டு டார்க் இறங்கியது என்றால், ஒன்று ஹெட் வடிவமைப்பு தவறாக இருக்க வேண்டும் அல்லது எண் தவறாக இருக்க வேண்டும். ஹெட் தவறில்லை என்பதற்குப் பந்தயப் பாதை சாட்சி.

கோப்ரா ஜெட்டுக்கு ஃபோர்டு சொன்ன உச்ச டார்க் 3,400 சுற்றில் 440 பவுண்டு-அடி. அங்கிருந்து 5,200க்குள் 338ஆக, அதாவது 23 சதவீதம் சரிந்தது என்றால், சுவாசம் அடைபட்ட எஞ்சினின் வரைபடம் அது. கனமான ராடுகளோடு வந்த, எஸ்.சி.ஜே. எனப்படும் சூப்பர் கோப்ரா ஜெட்டுக்கும் இதே 335தான் போட்டார்கள். பானெட்டில் காற்று வாங்கும் ராம் ஏர் இருந்தாலும் 335, இல்லாவிட்டாலும் 335. அளந்து எழுதும் எண் இத்தனை பிடிவாதமாக ஒரே இடத்தில் நிற்காது.

பாதையில் பதிவான வேகம்

1968 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் டிராக் பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. நடத்திய விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்துக்கு ஃபோர்டு சில கோப்ரா ஜெட் மஸ்டாங்குகளை அனுப்பியது. சூப்பர் ஸ்டாக் பட்டத்தை அவற்றில் ஒன்றை ஓட்டிய ஆல் ஜோனியெக் வென்றார். ஆனால் அவை பந்தயத்துக்கென்று தயாரித்த வண்டிகள். நமக்குப் பயன்படுவது 1968 மார்ச் ஹாட் ராட் இதழில் வந்த சாலை வடிவச் சோதனை: கால் மைல் 13.56 நொடி, முடிவில் மணிக்கு 106.64 மைல்.

இந்த இரண்டில் நேரத்தை ஒதுக்கிவிட்டு வேகத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. நேரம் டயரின் பிடிப்பையும் ஓட்டுநரின் கிளச்சையும் பொறுத்து அரை நொடிகூட மாறும். கால் மைல் கடைசியில் வரும் வேகம் பெரும்பாலும் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதம்தான். பழகிய சூத்திரம்: வேகத்தை 234ஆல் வகுத்து, வரும் விடையின் மூன்றடுக்கை (அதையே மூன்று முறை வைத்துப் பெருக்கியது) எடுத்து, ஓட்டுநர் உட்பட வண்டியின் பவுண்டு எடையால் பெருக்குவது. 106.64க்கு அந்த மூன்றடுக்கு 0.0946. எடை 3,500 பவுண்டு என்றால் 331 குதிரைத்திறன். 3,600 என்றால் 341. 3,700 என்றால் 350.

இது வண்டியில் பொருத்திய நிலையில், ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாவற்றுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சிய திறன். ஃபோர்டின் 335 அப்படியானது அல்ல. அன்றைய வழக்கப்படி அது கிராஸ் எண். ஏர் கிளீனர் இல்லை, ஃபேன் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தொழிற்சாலை எக்ஸாஸ்டுக்குப் பதில் நீளமான சோதனைக் குழாய்களைக்கூடப் பொருத்தலாம். ஒவ்வொரு சுற்றிலும் இக்னிஷன் டைமிங்கையும் எரிபொருள் கலவையையும் சிறந்த இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். முடிவை 60 டிகிரி ஃபாரன்ஹீட் உலர்காற்றுக்குத் திருத்தி எழுதுவார்கள். இப்படி அளந்த எஞ்சினை வண்டியில் பொருத்தினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவது வழக்கம்.

ஆக, உண்மையிலேயே 335 கிராஸ் உள்ள எஞ்சின் வண்டியில் 268 அளவுக்குத்தான் தந்திருக்கும். 3,600 பவுண்டு வண்டியை அது கால் மைல் முடிவில் 98 மைல் வேகத்துக்குக் கொண்டுபோகும். பதிவானதோ 106.64. ஒரு மைல் கூடினால் இந்த எடையில் சுமார் 10 குதிரைத்திறன் கூடியதாகக் கணக்கு. எட்டு மைலுக்கு மேற்பட்ட வித்தியாசம் காற்றின் திசையாலோ கடிகாரப் பிழையாலோ வந்துவிடாது. பத்திரிகைகளுக்குக் கொடுத்த வண்டிகள் நன்றாக ட்யூன் செய்தவையாக இருக்கும் என்ற சந்தேகம் நியாயமானதே; அதற்காகப் பத்து, பதினைந்தைக் கழித்தாலும் விடை மாறவில்லை. வண்டியில் பொருத்தியபின் மிஞ்சும் பங்கை 0.77க்கும் 0.83க்கும் இடையில் வைத்து, 340ஐ அதனால் வகுத்தால் கிராஸ் கணக்கில் 410இலிருந்து 440 வரை வருகிறது. அடக்கமாக 410 என்று வைத்துக்கொண்டாலும் கையேட்டில் 75 காணோம்.

குறைத்துச் சொல்லி யாருக்கு லாபம்

முதல் லாபம் பந்தயத்தில். என்.எச்.ஆர்.ஏ. ஸ்டாக் வகுப்புகளை அன்று பிரித்தது வண்டியின் எடையை நிறுவனம் அறிவித்த குதிரைத்திறனால் வகுத்து. 3,300 பவுண்டு வண்டியை 335ஆல் வகுத்தால் குதிரைத்திறனுக்கு 9.85 பவுண்டு, 410ஆல் வகுத்தால் 8.05. எண்ணைக் குறைத்துப் போட்டால் பலம் குறைந்த வண்டிகளோடு மோதும் வகுப்பு கிடைக்கும். சங்கத்தார் ஏமாளிகள் அல்ல. சந்தேகப்பட்ட எஞ்சின்களுக்குத் தாங்களே ஓர் எண்ணைப் போட்டு வகுப்பை மாற்றினார்கள்.

இரண்டாவது, காப்பீடு. இளைஞர்கள் வாங்கும் பெரிய எஞ்சின் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் போடத் தொடங்கிய காலம். கையேட்டு எண்ணைப் பார்த்தே அது முடிவானது.

ஜெனரல் மோட்டார்ஸில் மூன்றாவது காரணமும் சேர்ந்தது. செவ்ரோலெட் கார்வெட் தவிர்த்த கார்களில் பத்து பவுண்டு எடைக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மேல் போகக் கூடாது என்று தலைமை கட்டுப்பாடு வைத்திருந்தது. அதன் கிளையான போன்டியாக்கின் 1967 ஃபயர்பேர்டு 400இல் கார்புரேட்டரின் பின் வாய்கள் முழுக்கத் திறக்காதபடி லிங்கேஜில் ஒரு சிறு தகட்டை வைத்து 325 என்று எழுதினார்கள். தகட்டை வளைத்துவிட வாங்கியவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. 1969இல் ராம் ஏர் IV எஞ்சின் ஜி.டி.ஓ. காரில் 370, ஃபயர்பேர்டில் 345. எஞ்சின் ஒன்றுதான், ஃபயர்பேர்டு எடை குறைந்த கார், அவ்வளவே.

இன்னொரு கிளையான செவ்ரோலெட் கார்வெட்டில் வைத்த எல்88 எஞ்சின் இன்னும் துணிச்சலானது. 12.5 கம்ப்ரெஷன், அலுமினிய ஹெட், 103 ரிசர்ச் ஆக்டேன் பெட்ரோல் இல்லாவிட்டால் எஞ்சின் கெடும் என்று காருக்குள்ளேயே எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதற்குப் போட்ட எண் 430. பக்கத்து வரியில் சாலைக்கான எல்71க்கு 435. பந்தயக்காரர் அல்லாதவர் எண்ணைப் பார்த்து 435ஐ வாங்கிக்கொண்டு போகட்டும் என்பதே நோக்கம். எச்சரிக்கையைவிட அந்த ஐந்து குதிரைத்திறன் வித்தியாசம் நன்றாக வேலை செய்தது. 1967 முதல் 1969 வரை மூன்றாண்டில் விற்ற எல்88 கார்வெட்டுகள் 216 மட்டுமே.

நெட் எண் வந்தபோது வெளிப்பட்டது

1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களுக்குக் கிராஸ், நெட் இரண்டையும் அச்சிட்டது. 1972 முதல் நெட் மட்டும். ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், தொழிற்சாலை எக்ஸாஸ்ட் எல்லாவற்றோடும் அளப்பது நெட். குறைத்துச் சொன்னவர்களைப் பிடிக்க இந்த ஓராண்டின் இரட்டை எண்கள் நல்ல கருவி.

செவ்ரோலெட் 454 எல்.எஸ்.5: 365 கிராஸ், 285 நெட், விகிதம் 0.78. 454 எல்.எஸ்.6: 425, 325, 0.76. கார்வெட்டின் அடிப்படை 350: 270, 210, மறுபடி 0.78. அதே 350இன் பலம் கூடிய வடிவமான எல்.டி.1: 330, 275, 0.83. கிரைஸ்லரின் 426 ஹெமி 425, 350, 0.82. இவை ஒரு கூட்டம். இதில் சேராமல் தனியே நிற்பது போன்டியாக் 455 ஹெச்.ஓ.: 335 கிராஸ், 310 நெட், 0.925. வண்டியில் பொருத்தினால் ஏழு சதவீதம் மட்டுமே இழக்கும் எஞ்சின் அந்தக் காலத்தில் கிடையாது. நெட் எண்ணை விதிப்படி அளக்க வேண்டியிருந்தது; கிராஸ் எண்ணைப் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டார்கள். 310ஐ 0.78ஆல் வகுத்தால் 397.

428 கோப்ரா ஜெட் 1970 மாடலோடு நின்றுவிட்டதால் அதற்கு நெட் எண் ஒருபோதும் வரவில்லை. வந்திருந்தால் கையேட்டில் 335க்குப் பக்கத்திலேயே அதைவிடப் பெரிய எண்ணை அச்சிட நேர்ந்திருக்கும்.

1971, 72இல் எண்கள் விழுந்ததை எல்லாம் 'மாசுக் கட்டுப்பாடு எஞ்சினைக் கொன்றது' என்று எழுதுகிறார்கள். எல்.டி.1ஐ மட்டும் எடுத்துப் பார்ப்போம். 1970 கார்வெட்டில் 370 கிராஸ். 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷன் 11இலிருந்து 9க்கு இறங்கியதில் 330. இந்த 40 உண்மை இழப்பு. அதே எஞ்சினின் நெட் 275. இந்த 55 வெறும் காகித இழப்பு, ஒரு போல்ட்டைக்கூட யாரும் மாற்றவில்லை. 1972இல் 255. மொத்தம் 115 விழுந்ததில் பாதிக்கு அருகில் அளவுகோல் மாறியதால் விழுந்தது.

இன்று கோப்ரா ஜெட்டைக் கட்டி அளப்பவர்களுக்கு

டைனோ தாளில் வந்த எண்ணை 335ஓடு ஒப்பிடுமுன் அது எந்தத் திருத்தத்தில் எழுதியது என்று பார்க்க வேண்டும். பழைய முறை 60 டிகிரி ஃபாரன்ஹீட், 29.92 அங்குலப் பாதரசம், வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் இன்றைய ஜே1349 முறை 77 டிகிரி, 29.23 அங்குலம். ஒரே ஓட்டத்துக்கு முதலாவது சுமார் நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும். 400இல் அது 16. எஞ்சின் டைனோவில் ஹெடர் குழாயும் மின்சார வாட்டர் பம்பும் வைத்து எடுத்த 430ஐ, சக்கரத்தில் அளந்த புதுக் காரின் எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பது அர்த்தமற்ற வேலை.

எதிர்பார்த்த திறன் வராவிட்டால் முதலில் கம்ப்ரெஷனை நேராக அளந்து பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 874 சி.சி.; 10.6 விகிதம் வர மேலே மிஞ்ச வேண்டிய இடம் 91 சி.சி. பழைய மெல்லிய எஃகு கேஸ்கெட்டுக்குப் பதில் 0.020 அங்குலம் கூடுதல் தடிமனுள்ள புது கேஸ்கெட் வைத்தாலே 4.4 சி.சி. ஏறி, விகிதம் 10.2க்குக் கீழே வந்துவிடும். திறனில் இழப்பு ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான். பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) வராமல் ஓட வேண்டுமானால் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்வதே மேல். 10.6ஐ விடாப்பிடியாக வைத்துக்கொண்டு, நாக்கிங்குக்குப் பயந்து இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரம்) பின்னுக்கு இழுத்தால் அதைவிட அதிகம் போகும். குறைந்த சுமையில் தீப்பொறியை முன்தள்ளும் வெற்றிட அட்வான்ஸைக் கழற்றிவிட்டு மொத்த டைமிங் 36 முதல் 38 டிகிரி வரை எடுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.

போர் பெரிதாக்குவதற்கு முன் சிலிண்டர் சுவரின் கனத்தை ஒலி அளவியால் எட்டுச் சிலிண்டரிலும் பல இடங்களில் அளக்காமல் பட்டறைக்குக் கொடுக்கவே கூடாது. 428 பிளாக்குகளில் சுவர் மெல்லியது. வார்க்கும்போது உள்ளச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் இன்னும் மெலிந்திருக்கும். 0.030 அங்குலம் கூட்டினால் கிடைப்பது ஆறு கன அங்குலம் சொச்சம். அதற்காக ஒரு பிளாக்கை இழக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கோளாறு ஃப்ளைவீலில். 390 கிராங்க் தனக்குள்ளேயே சமன் செய்தது. 428 கிராங்க் ஃப்ளைவீலில் உள்ள எடையையும் சேர்த்துச் சமன் செய்தது. எஸ்.சி.ஜே. இன்னும் ஒரு படி மேலே: கனமான கேப் ஸ்க்ரூ கனெக்டிங் ராடுகளுக்காக முன்பக்கம், அதிர்வை அடக்கும் டேம்பருக்குப் பின்னால், கோடாலி வடிவ எடைத்துண்டு ஒன்றும் உண்டு. 3.91 அல்லது 4.30 ஆக்ஸில் கேட்டு வாங்கியவர்களுக்கு வந்த டிராக் பேக் எஞ்சின் அதுதான். ஆயில் கூலரும் கூட வரும். ஃப்ளைவீலும் ஃப்ளெக்ஸ் ப்ளேட்டும் 390இலும் 428இலும் ஒரே போல்ட்டில் மாட்டிக்கொள்வதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஓடும், மேல்ச் சுற்றில் அதிரும், பிறகு மெயின் பேரிங் போகும். எஞ்சினைத் திறந்தவுடன் முன்னும் பின்னும் இருக்கும் எடைகளைப் படமெடுத்து வைத்துவிட்டு, ராட், பிஸ்டன், டேம்பர், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக பேலன்ஸ் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ராடை மாற்றியிருந்தால் பழைய எடைத்துண்டு இனிப் பொருந்தாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.